இரண்டு அட்டையில் ஒரே வரி

ராமாமணி: ஏனுங்க அம்மணி, இந்த 'ழு'வுக்கு வாலு எங்கிட்டுப் போகோணும்? மூணு வாட்டி பிரிச்சுபோட்டேன். இன்னமும் நண்டு மாதிரியே நிக்குது.

விமலாராணி: காட்டுங்கக்கா... ஆறு இழையும் போட்டுத் தெச்சா அப்படித்தான் தடிக்கும். நூலப் பிரிச்சு ரெண்டு இழை மட்டும் எடுங்க.

ராமாமணி: அடேங்கப்பா, வாத்தியாரம்மா பேசறாங்க! உங்க தபால் அட்டை எங்க? எடுங்க பாக்கலாம்.

விமலாராணி: அது எதுக்குங்க்கா இப்ப...

ராமாமணி: எடுங்கங்கறேன்... பாத்தீங்களா! நாலு வாரமா தையல் கிளாஸுக்கு வந்துபோட்டு, சுத்தி ஓரம் மட்டும் அடிச்சு வெச்சுருக்கீங்க. நடுவுல வெள்ளைத்துணி வெள்ளையாவே கெடக்குது.

விமலாராணி: என்ன போடறதுன்னு ஒண்ணும் தோணலக்கா.

ராமாமணி: ஒரு பூவப் போடறது. இல்லாட்டி ஒரு கோழி. அந்த மூலையில பாருங்க, கண்ணாடி போட்டவங்க ஒரு ஆட்டுக்குட்டி போட்டிருக்காங்க. பன்னியாட்டம் இருக்குது. அவிங்க கவலப்பட்டாங்களா?

விமலாராணி: ஐயோ, மெதுவாப் பேசுங்கக்கா, கேட்டுறப் போகுது!

ராமாமணி: எங்க கேக்கும்? இத்தன மெஷினு ஓடுது. எனக்கே நான் பேசறது கேக்க மாட்டீங்குது.

விமலாராணி: கடைசி நாளாச்சுல்லக்கா. நாலு மணிக்குக் கண்காட்சி, அதுக்குள்ள எல்லாரும் முடிச்சுக் குடுக்கோணும்னு லின்சி கத்திட்டு இருக்கா.

ராமாமணி: அந்தப் புள்ள கத்தாம இருந்தாத்தான் அதிசயம். உங்க அண்ணன் மவதானுங்களே?

விமலாராணி: ஆமாக்கா. எங்க தேவதாஸ் அண்ணன் பொண்ணு. வூட்ல சும்மா உக்காராதீங்க அத்தைன்னு அவ நடத்தற இந்தக் கிளாஸுக்கு இழுத்துட்டு வந்துட்டா.

ராமாமணி: எனக்கும் அதே கதைதானுங்க. என்ற பொண்ணு ஹாரிகா என்னையக் கேக்காமயே பேரக் குடுத்துபோட்டா. எங்கூட்டுக்காரரு சிரியோ சிரின்னு சிரிக்கறாரு. மேல ஒரு துணி, கீழ ஒரு துணி, நடுவுல சட்டைக் காலருக்கு வெக்கற கேன்வாஸு. இதையப் போயி ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல போடுவாங்களாக்கும், போஸ்ட்மேன் கை தொடச்சுப்போட்டுப் போயிருவான்ங்கறாரு.

விமலாராணி: ஹஹ... நெசமாத்தான் போகுதுக்கா. போன தடவை எல்லாருத்து அட்டையும் போய்ச் சேந்துச்சாம்.

ராமாமணி: கவருக்குள்ள வெக்காம அப்படியேவா?

விமலாராணி: அப்படியேதான். மேல முத்திரையெல்லாம் குத்தி வருமாம். மொத அட்டைய மட்டும் அவிங்கவிங்க வூட்டு அட்ரஸுக்கே போடச் சொல்லுவா. கிழியாம வருதான்னு பாக்கறதுக்கு.

ராமாமணி: அது தெரிஞ்சுதானுங்க நான் படம் எதுவும் போடல. எழுத்துதான். என்ற ஊட்டு வாசல்ல வந்து போஸ்ட்மேன் பேர் சொல்லிக் குடுக்கோணும். நான் வாங்கிப் படிக்கோணும்.

விமலாராணி: நீங்களே தெச்சது, நீங்களே படிக்கறதா?

ராமாமணி: ஆமாங்க. அதுல என்ன?

விமலாராணி: ஒண்ணுமில்லக்கா... 'அழுக வேண்டாம்'. நல்லாத்தான் வந்துருக்குது. 'ழு' கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். கீழ பென்சில்ல என்னமோ எழுதி வெச்சுருக்கீங்களே, அதையும் தெக்கறீங்களா?

ராமாமணி: அதையும்தான். நீங்களே படிங்க. எனக்குப் பென்சில் எழுத்து மங்கலாத் தெரியுது.

விமலாராணி: 'எனக்கு...' 'எனக்கு வலியே...'

ராமாமணி: ம். சொல்லுங்க.

விமலாராணி: ஸ்ஸ்... ஆ!

ராமாமணி: அட, கைய எடுங்க! ரத்தம் வருதுங்க. ஊசியக் குத்திக்கிட்டீங்களா?

விமலாராணி: ஒண்ணும் இல்லக்கா. சின்னக் குத்து. துணில படல.

ராமாமணி: வாயில வெச்சுக்கங்க. நான் சொல்றேன் இருங்க. 'அழுக வேண்டாம். எனக்கு வலியே இல்ல.' அம்புட்டுதான் வரி.

விமலாராணி: இது... இது யாரு சொன்னதுக்கா?

ராமாமணி: என்ற பையன். யஷ்வந்த். கடைசியாச் சொன்னான்னு ஆஸ்பத்திரில இருந்து போன்ல சொன்னாங்க.

விமலாராணி: பையனா... நீங்க சொல்லவே இல்லையேக்கா. பொண்ணு மட்டும்தான்னு நெனச்சேன்.

ராமாமணி: நீங்க கேக்கலைங்களே. மூத்தவன் அவன். திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங். துணில ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கொரோனா ரெண்டாவது அலை அடிச்சுதில்லீங்களா, வைகாசில... இங்க கோயமுத்தூருக்குக் கொண்டாந்து சேத்தோம். ஆம்புலன்ஸுல ஏத்துற அவசரத்துல அவன் போனு ஊட்டுலயே கெடந்துபோச்சு.

விமலாராணி: அப்ப அவங்கிட்ட...

ராமாமணி: ஒம்பது நாளு. உள்ள யாரையும் உடமாட்டீங்கறாங்க. கேட்டுக்கு வெளியில புளியமரத்தடில நானும் அவரும் உக்காந்திருந்தோம். ஒம்பதாம் நாளு போன் வந்துச்சு. ஒரு நர்ஸம்மா. நல்ல கொரலு. நிதானமாப் பேசுனாங்க. அவிங்க சொன்னதுதானுங்க இது.

விமலாராணி: வயசு... என்ன வயசுக்கா?

ராமாமணி: முப்பத்தொண்ணு.

லின்சி: என்ன ரெண்டு பேரும் பேச்சு மட்டும் பெருசா ஓடுது? ராமாமணி ஆன்ட்டி, எங்க காட்டுங்க! அட, எழுத்து சூப்பரா வந்துருக்கே. படம் எதுவும் போடலையா?

ராமாமணி: படம் வேண்டாம் கண்ணு.

லின்சி: 'அழுக வேண்டாம். எனக்கு வலியே...' ஆன்ட்டி! இதே வரிய ஏற்கெனவே ஒருத்தங்க போட்டிருக்காங்க தெரியுமா?

விமலாராணி: லின்சி...

லின்சி: நெசமா அத்தை! போன பேட்ச்ல கொடுமுடில இருந்து ஒரு டீச்சர் வந்தாங்கல்ல, அவங்கதான். எழுத்துக்கு எழுத்து இதேதான். அவங்க வீட்டுக்காரர் கடைசியாச் சொன்னதுன்னு சொன்னாங்க. கண்காட்சிக்குன்னு திருப்பி வாங்கி வெச்ச அந்த அட்டையையும் இன்னிக்குக் கயித்துல தொங்கவிடறோம். டீச்சரே நாலு மணிக்கு வர்றாங்க.

ராமாமணி: அப்படீங்களா?

லின்சி: ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிரலாமா ஆன்ட்டி? என்ன ஒரு...

விமலாராணி: லின்சி, நீ சித்த சும்மா இரு! அக்கா, நீங்க போயி அட்டைய அயர்ன் பண்ணிட்டு வந்துருங்க. துணி சுருங்கிக் கெடக்குது. அப்புறம் ஜன்னலோரம் கூட்டம் ஆயிரும்.

ராமாமணி: இன்னம் கீழ்வரி முடிக்கலைங்களே.

விமலாராணி: பரவால்லக்கா. இப்ப ஒருக்கா போட்டா அடுத்த வரி நேரா வரும்.

ராமாமணி: சரி, பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணும். நீங்க எனக்குச் சின்னவங்கதான், இருந்தாலும் கேட்டுக்கறேன். கண்ணு, அந்த டீச்சரம்மா அட்டைய எடுத்து வையி. வந்து பாக்கறேன்.

லின்சி: சரிங்க ஆன்ட்டி... என்ன அத்தை, மொகமே சரியில்ல? சுகர் ஏறிக்கிச்சா? டீ குடிச்சீங்களா?

விமலாராணி: அந்தக் கொடுமுடி டீச்சர் அட்டைய எடுத்து ஒளிச்சு வெச்சுரு.

லின்சி: எதுக்கு?

விமலாராணி: ஒளிச்சு வெய்யின்னா வெய்யி. தொலஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்.

லின்சி: டீச்சர் அதையப் பாக்கறதுக்குன்னே பஸ் ஏறி வர்றாங்க அத்தை. என்னாச்சு உங்களுக்கு?

விமலாராணி: அந்த வரிய அவங்க வீட்டுக்காரர் சொல்லல. இவங்க பையனும் சொல்லல.

லின்சி: புரியல.

விமலாராணி: நான் சொன்னது லின்சி. ரெண்டு பேருக்கும் போன் பண்ணுனது நான்தான்.

லின்சி: ...அத்தை.

விமலாராணி: எனக்குச் சர்க்கரை இருக்குதுன்னு வார்டுக்குள்ள உடல. போன் டியூட்டில போட்டாங்க. ஒரு லிஸ்ட் வரும். பேரு, வயசு, வூட்டு நம்பரு, எத்தன மணிக்கு உயிர் போச்சு. அவ்வளவுதான் இருக்கும். நான் கூப்பிட்டுச் சொல்லோணும்.

லின்சி: அதான் இங்க வந்தப்ப, ஆபீஸ்ல வேலை பாத்தேன்னு சொல்லு, நர்ஸ்னு யாருகிட்டயும் சொல்லாதன்னீங்களா?

விமலாராணி: நர்ஸுன்னாலே கேப்பாங்க, அப்ப எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு. எனக்கு முடியல கண்ணு.

லின்சி: சரி... ஆனா அந்த வரி?

விமலாராணி: மொத வாரம் உள்ளதத்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு அம்மா கேட்டாங்க, கடைசியா எதாச்சும் சொன்னாங்களான்னு. ஒண்ணும் சொல்லலைங்கன்னுட்டேன். அந்தம்மா அழுகவும் இல்ல, போன வெக்கவும் இல்ல. மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்குது. எனக்கு அடுத்த பேரு காத்திருக்குது. கட் பண்ண மனசு வர்ல. அப்புறம் அடுத்த வூட்ல அதே கேள்விய கேட்டாங்க...

லின்சி: அப்ப சொன்னீங்க.

விமலாராணி: வாயில வந்துருச்சு. அழுக வேண்டாம்னு சொன்னாரு, வலியே இல்லைன்னாருன்னு. அந்த வூட்டு அம்மா, 'நல்லாருங்க சிஸ்டர்'னாங்க. அப்புறம் எல்லாருத்துக்கும் அதேதான். வேற யோசிக்கத் தெம்பில்ல லின்சி. ஒரே வரி. ஆம்பளைக்கும் அது, பொம்பளைக்கும் அது, வயசானவங்களுக்கும் அது.

லின்சி: எத்தன பேருக்கு அத்தை?

விமலாராணி: எண்ணி வெச்சிருந்தேன்னா நான் இன்னிக்கு உயிரோட இருக்க மாட்டேன்.

லின்சி: ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?

விமலாராணி: பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். பரிகாரமா அருள்நிறை மரியே ஜெபம் மூணு வாட்டி சொல்லச் சொன்னாரு. மூணு போதுமாங்க ஃபாதர்னு கேட்டேன். அழுதுட்டாரு அந்த மனுசன்.

லின்சி: அத்தை, நான் சொல்றதக் கேளுங்க. இதுல தப்பில்ல. ஆறுதலுக்குச் சொன்னது. இப்பப் போயி சொல்லாதீங்க. அஞ்சு வருஷமா அந்த ஆன்ட்டி இதைய வெச்சுட்டுத்தான் ஓட்டிருக்காங்க.

விமலாராணி: நாலு மணிக்கு டீச்சர் வந்து ரெண்டு அட்டையையும் பாத்தா?

லின்சி: நான் ஒண்ணை மேல மாட்டறேன், ஒண்ணைக் கீழ மாட்டறேன்.

விமலாராணி: நீதான் அவங்க காதுல போட்டுட்டியே! ரெண்டு பேரும் பேசுனா, எந்த ஆஸ்பத்திரி, யாரு போன் பண்ணுனதுன்னு பத்து நிமிசத்துல வந்துரும். ஊர்க்கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு பேருத்துக்கும் தெரிஞ்சுபோகும், இது யாரோ எல்லாருக்கும் சொன்ன பொய்யின்னு. அதுக்கு நானே சொல்லிரலாம். தனியா, இப்பவே.

லின்சி: சொன்னா ஒடஞ்சிருவாங்க அத்தை.

விமலாராணி: தெரியும்.

லின்சி: அப்படி இருந்துமா?

விமலாராணி: இல்லாதத தெச்சுட்டு இருக்காங்க லின்சி. ஒவ்வொரு எழுத்தா. நான் பக்கத்துல உக்காந்து நூலப் பிரிங்க, ரெண்டு இழை எடுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்.

லின்சி: வர்றாங்க, வர்றாங்க. கண்ணத் தொடைங்க.

ராமாமணி: ஆச்சுங்க. தோசைக்கல்லு மாதிரி சூடு அந்தப் பொட்டி. இப்பப் பாருங்க, அட்டை அப்பளமாட்டம் நிக்குது. கண்ணு, டீச்சரம்மா அட்டை எங்க?

லின்சி: அது... தேடணும் ஆன்ட்டி. அதுல வேற வரின்னு நெனைக்கறேன். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.

ராமாமணி: எழுத்துக்கு எழுத்து இதேதான்னியே.

லின்சி: அப்படியா சொன்னேன்? எனக்கு இந்த ஒரு வாரமா... தோ, அங்க கூப்பிடறாங்க. வந்துடறேன் ஆன்ட்டி. அத்தை... பாத்துக்கங்க.

ராமாமணி: என்ன, அந்தப் புள்ளைக்கு மொகம் இத்தினியூண்டு ஆயிருச்சு? நீங்க திட்டி வெஞ்சீங்களா?

விமலாராணி: இல்லக்கா. உக்காருங்க. கொஞ்ச நேரம் ஊசிய வெச்சுட்டு என்னையப் பாருங்க.

ராமாமணி: தெச்சுக்கிட்டே கேக்கறனுங்க. நாலு மணிக்கு முடியோணுமே.

விமலாராணி: வேண்டாங்க்கா. அந்த வரி... அத இன்னிக்கு மாட்ட வேண்டாம். பிரிச்சுரலாம். நான் வேற ஒண்ணு வரைஞ்சு தர்றேன். நான் உக்காந்து தெச்சும் தர்றேன்.

ராமாமணி: ஏன், நல்லா இல்லீங்களா?

விமலாராணி: நான் ஆபீஸ்ல வேலை பாக்கலக்கா.

ராமாமணி: ம்.

விமலாராணி: நான் நர்ஸு. அந்த வைகாசில, அந்த ஆஸ்பத்திரில, போன்ல பேசுனது...

ராமாமணி: தெரியுமுங்க.

விமலாராணி: ...என்ன தெரியும்?

ராமாமணி: நீங்கதான்னு தெரியும். மொத நாளே தெரிஞ்சுபோச்சு. நூலு தீந்துருச்சுன்னு பின்னாடி ஒருத்தங்க கத்துனாங்களே, நீங்க திரும்பி, 'சொல்லுங்கம்மா, கேக்குதுங்களா'ன்னீங்க. என்ற கையில இருந்த கத்திரி கீழ உழுந்துபோச்சு. அந்தக் கொரலு எனக்கு மறக்குமுங்களா?

விமலாராணி: மாதாவே... நாலு வாரமா ஒண்ணும் சொல்லலையேக்கா!

ராமாமணி: அடுத்த வாரமே உங்க பக்கத்து மெஷினுக்கு மாறிக்கிட்டேன். ஜன்னல் காத்து ஒத்துக்கலைன்னு பொய் சொன்னேன். அந்த ஆட்டுக்குட்டிக்காரம்மாவுக்கு இன்னம் என்மேல கோவம்.

விமலாராணி: எதுக்கு மாறுனீங்க? என்னையத் திட்டறதுக்கா?

ராமாமணி: பாக்கறதுக்குத்தான். கொரலுக்கு ஒரு மொகம் வேணுமில்லீங்களா? அன்னிக்கு உங்க பேரக்கூடக் கேட்டுக்கல நானு.

விமலாராணி: அந்த வரியப் பாத்தா நான் பேசுவேன்னுதான் அதத் தெச்சீங்களா?

ராமாமணி: அதுவும் கொஞ்சம் இருக்குதுங்க. பேசுனீங்கன்னா உங்க கையப் புடிச்சுக்கோணும்னு இருந்துச்சு.

விமலாராணி: புடிக்காதீங்கக்கா! நீங்க கைய எடுங்க. நான் சொல்லி முடிச்சப்புறம் உங்களுக்கு என் கையத் தொடக்கூடத் தோணாது.

ராமாமணி: சொல்லுங்க சிஸ்டர்.

விமலாராணி: அப்படிக் கூப்பிடாதீங்க...

ராமாமணி: அன்னிக்கு அப்படித்தான கூப்பிட்டேன். சொல்லுங்க.

விமலாராணி: உங்க பையன் அதச் சொல்லல. நான் அவனப் பாக்கவே இல்ல. எங்கிட்ட இருந்தது ஒரு காயிதம். அதுல பேரு இருந்துச்சு, மணி இருந்துச்சு. நீங்க அழுதீங்க. கடைசியா எதாச்சும் சொன்னானான்னு நீங்க கேக்கக்கூட இல்லைன்னு நெனைக்கறேன். நானாச் சொன்னேன். எல்லாருத்துக்கும் சொன்னதச் சொன்னேன். கொடுமுடி டீச்சருக்கும் அதேதான். அந்த நாள்ல எத்தன பேருக்கு... அத்தன பேருக்கும் அதேதான். அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

ராமாமணி: அவன் போறப்ப யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?

விமலாராணி: தெரியாதுக்கா.

ராமாமணி: எந்தக் கட்டிலு? ஜன்னலோரமா?

விமலாராணி: தெரியாதுக்கா... சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பவும் ஒண்ணு சொல்லிரலாம்னு வாயில வருது. ஆமா, ஜன்னலோரம்தான், ஒரு சிஸ்டர் கையப் புடிச்சுட்டு இருந்தாங்கன்னு. சொல்ல மாட்டேன். போதும். இனிமே சொல்ல மாட்டேன்.

ராமாமணி: காயிதத்துல மணி இருந்துச்சுன்னீங்களே. என்ன மணி?

விமலாராணி: அதச் சொன்னேனே உங்களுக்கு...

ராமாமணி: காலைல ஆறே காலுன்னீங்க.

விமலாராணி: அப்ப அது நெசந்தான். மணிய நான் யாருக்கும் மாத்திச் சொன்னதில்ல.

ராமாமணி: சரிங்க. மணியாச்சும் நெசமா இருக்கட்டும்.

விமலாராணி: அக்கா, அப்படிச் சொல்லாதீங்க, தாங்க முடியல... நீங்க அழுகறீங்க.

ராமாமணி: ஆமாங்க, அழுகறேன். அழுக வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க. கேட்டனா?

விமலாராணி: என்னைய மன்னிச்சிருங்க. இல்ல, மன்னிக்க வேண்டாம். இந்த அட்டைய மட்டும் எங்கிட்டக் குடுங்க. இதோ, பிரிக்கற கத்தி இருக்குது. துணிக்குச் சேதம் இல்லாம ஒவ்வொரு தையலா நானே எடுத்துடறேன். உங்க பையன் மொகத்தச் சொல்லுங்க, லின்சி வரைஞ்சு தருவா. அவன் பேரத் தெப்போம். பேரு நெசம்தான?

ராமாமணி: பேரு நெசம்தான்.

விமலாராணி: குடுங்கக்கா. மணி மூணே கால் ஆச்சு. டீச்சர் வந்துருவாங்க.

ராமாமணி: டீச்சரம்மாகிட்டயும் சொல்லப் போறீங்களா?

விமலாராணி: உங்ககிட்டச் சொல்லிட்டு அவங்ககிட்டச் சொல்லாம எப்படிக்கா?

ராமாமணி: சொல்லாதீங்க. என்னையக் கேட்டா வேண்டாம். அவிங்களா வந்து உங்களக் கேட்டா, அப்பச் சொல்லுங்க. கேக்காதவங்க தலையில போயிக் கொட்டாதீங்க.

விமலாராணி: ரெண்டு அட்டையையும் பாத்தாக் கேப்பாங்களே!

ராமாமணி: கேட்டா, நான் அவிங்க அட்டையப் பாத்துக் காப்பி அடிச்சேன்னு சொல்லிக்கறேன். நல்லா இருந்துச்சுங்க டீச்சர், அதுதான் சுட்டுபோட்டேன்னு. வாத்தியாரம்மாவுக்குக் காப்பி அடிக்கறவங்க புதுசுங்களா? ரெண்டு போடு போட்டுட்டு உட்டுருவாங்க.

விமலாராணி: வெளையாடாதீங்கக்கா. எதுக்கு இத்தன சிரமப்படறீங்க? உங்க பையன் சொல்லாத ஒண்ணுக்கு எதுக்கு நீங்க திருட்டுப்பட்டம் வாங்கோணும்? நான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன். அது அவன் பேச்சே இல்ல. குடுங்க, பிரிச்சுடறேன்...

ராமாமணி: அவன் பொறந்ததுல இருந்து வாய் பேசமாட்டானுங்க, சிஸ்டர். காதும் கேக்காது. அம்மான்னு ஒரு வார்த்தை அவன் வாயில இருந்து நான் கேட்டதில்ல. கை தட்டித்தான் கூப்பிடுவான். நீங்க போன்ல சொல்றப்பவே எனக்குத் தெரியுமுங்க, இது பொய்யின்னு. ஆத்திரமா வந்துச்சு. வலிச்சாக்கூட யாரையும் கூப்பிடத் தெரியாத பையனப் போயி வலியே இல்லைன்னானாம்னு சொல்றாளே, நேர்ல பாத்தா அறையோணும்னு இருந்துச்சு. போன வெச்சுப்போட்டுத் திரும்புனா எங்கூட்டுக்காரரு நிக்கறாரு. என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்கன்னு கேக்கறாரு. எனக்கு வேற ஒண்ணும் வாயில வர்ல. நீங்க சொன்னதையேதான் சொன்னேன். அழுக வேண்டாம்னானாம், வலியே இல்லைன்னானாம்னு. அவரு என்ற கையப் புடிச்சுக்கிட்டு, கொரலு எப்படி இருந்துச்சாம், கேட்டியான்னாரு. நல்லா இருந்துச்சாம்னு சொன்னேனுங்க. முப்பத்தோரு வருசத்துல எங்க ரெண்டு பேருத்துகிட்டயும் அவன் பேசுனது அது ஒண்ணுதான். அந்தக் கத்திய அக்கட்டால வையுங்க.